வண்ணம் பூசியவன் பெயர்

மகனே,

ஒலிவாங்கியின் முன் நின்றால் சொற்கள் தாமே வந்து வரிசையில் நிற்பது என் வழக்கம். அதை நீ அறிவாய். இன்று காலையிலிருந்து இந்தத் தாளின் முன் அமர்ந்திருக்கிறேன். எழுதியதெல்லாம் மேடைப் பேச்சாகவே வருகிறது. அடித்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன். வைகாசியில் உன் புதுமனை புகுவிழாவில் நான் சொன்ன பொய்யைப் பற்றித்தான் இக்கடிதம். அந்தப் பொய்யை ஒலிபெருக்கி வைத்து, பலர் காதுபடச் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுவதும் பலர் கண்படவே நடக்க வேண்டும் என்பதால், நம் வட்டாரத்தார் படிக்கும் சிற்றிதழ் ஒன்றுக்கே இதை அனுப்புகிறேன். முதலில், பக்கத்து ஊரான பெருநகரில் நடக்கவிருந்த கூட்டத்தில் மேடையேறிச் சொல்லிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். உன் அம்மா தடுத்துவிட்டாள். "மைக்கப் புடிச்சின்னா நீ அதையும் பேச்சாக்கிடுவ. புள்ளைகிட்ட மன்னிப்பு கேக்கப் போயி கைத்தட்டு வாங்கினு வருவ. பேசாம குந்தி எழுது" என்றாள். என்னோடு இத்தனை காலம் வாழ்ந்தவள் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

உத்திரமேரூர் ஏரிக்கரைக்கு அப்பால், புதிதாக மனை பிரித்த இடத்தில் நீயும் கயலும் வீடு எழுப்பினீர்கள். தளம் போட்டுச் சுவர்ப்பூச்சு முடிந்ததும் கொத்தனாரை அனுப்பிவிட்டு, மீதி வேலைகளை நாங்களே செய்துகொள்கிறோம் என்றாய். பணமுடை என்று நினைத்து, நான் தருகிறேன் என்றேன். நீ சிரித்துவிட்டு, "காசுக்கு இல்லப்பா. எங்க வூடு. நாங்களே செஞ்சா நல்லாருக்கும்னு தோணுது" என்றாய். அந்த விடை எனக்கு விளங்கவே இல்லை. ஒரகடத்தில் தொழிற்சாலைப் பொறியாளன், பள்ளியில் கணக்கு கற்பிக்கும் ஆசிரியை; இருவரும் வேலையிலிருந்து வந்து பழைய உடையை மாட்டிக்கொண்டு சுவரைத் தேய்ப்பதில் என்ன நன்மை இருக்க முடியும் என்று எண்ணினேன். கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்துக் கற்றீர்கள். சுவரை வழவழப்பாக்கும் பட்டி பூசினீர்கள். உப்புத்தாளால் தேய்த்து, தலைமுதல் கால்வரை வெண்பொடி படிந்து, மாவு ஆலையிலிருந்து வந்தவர்களைப் போல நின்றீர்கள். கயல் கண்ணிமை வரை வெள்ளையாக, "மாமா, உங்க புள்ளைக்கு இப்பவே நரைச்சிடுச்சி பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்காமல், வாயிலில் யாரேனும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அப்போதே தொடங்கிவிட்டது என் நோய்.

உன் முதல் தவறுகளை நான் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். நான் மேடைகளில் பெற்ற கேடயங்களை வைப்பதற்கென்று கூடத்தில் ஒரு மரத்தட்டு அடித்தாய். உள்ளீடற்ற கல் அடுக்கிய சுவரில் திருகாணி பிடிக்கவில்லை. மறுநாள் காலை, என் கேடயங்கள் அத்தனையும் தரையில் குப்புறக் கிடந்தன. அதைத் தேநீர்க் கடையில் நான் சொன்ன விதத்தில் கடைக்காரருக்குக் கண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. இரும்புத் தாங்கி பொருத்தி அதே தட்டை நீ மீண்டும் அமைத்தாய். இன்று அதன்மேல் ஆள் ஏறி அமர்ந்தாலும் அசையாது. அதை மட்டும் நான் எந்தக் கடையிலும் சொல்லவில்லை. ஒருவன் தன் கையால் வேலை கற்கும்போது அவனுடைய விழுந்த தட்டைப் பற்றி மட்டும் பேசுபவன் அவனுக்குத் தந்தையாயினும் நண்பன் ஆகமாட்டான். நாளை உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அது ஏதேனும் ஒன்றைக் கோணலாகச் செய்து கொண்டுவந்து காட்டும்போது, இதை மட்டும் நினைவில் வை.

கூடத்துச் சுவருக்கு வந்தீர்கள். நடவு முடிந்து பச்சை பிடிக்கும் நாற்றின் நிறம் வேண்டும் என்று நீங்கள் இருவரும் வாளி வாளியாகக் கலந்து பார்த்தீர்கள். மேல் விளிம்பில் கோலப் பட்டை ஓட வேண்டும் என்பது கயலின் விருப்பம். அதற்குக் கோல அச்சு வெட்ட நல்ல தகடு கிடைக்காமல், என் முழங்கால் வலிக்கு எடுத்த பழைய ஊடுகதிர்ப் படத்தை என்னிடமே கேட்டு வாங்கிச் சென்றாய். என் மூட்டெலும்பின் நடுவே கயல் சிறு கத்தியால் இதழ் இதழாக வெட்ட, அதைச் சுவரில் பொருத்தி நீ பஞ்சால் வண்ணம் ஒற்றினாய். "ஐயாவோட காலு இன்னிக்குத்தான் ஒழுங்கா வேல செய்யுது" என்றாள் உன் அம்மா. அந்தச் சுவர் முடிந்த அன்று மாலை வந்து பார்த்தேன். ஏரிப்பக்கத்துச் சாளரம் வழியே வந்த வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. மகனே, அழகாக இருந்தது. நான் உன்னிடம் சொன்னதோ, "பரவாயில்லை, ஆள் வைத்துச் செய்தது போலவே இருக்கிறது" என்பது. அதைப் பாராட்டு என்றே நம்பிக்கொண்டு சொன்னேன்.

இனி விழா நாள். நம் பக்கத்தில், புதுமனை புகும்போது அந்த வீட்டை எழுப்பிய தொழிலாளர்களுக்கு முதலில் சிறப்புச் செய்வது முறை. உறவினருக்கும் ஊராருக்கும் இலை போடுமுன் கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம். என் வாழ்நாளில் எத்தனையோ வீடுகளில் அதை நானே நின்று நடத்தியிருக்கிறேன். உழைத்த கையை வணங்காத வீடு வீடாகாது என்று முழங்கியிருக்கிறேன். உன் வீட்டிலும் நான்தான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். முதல்நாளே கயல் என்னிடம் வந்து, "மாமா, பொன்னாட ஒண்ணு சேத்து வாங்கிடுங்க. கடைசியா பெயிண்டர்னு சொல்லி இவர கூப்புடுங்க. இவருக்குத் தெரியக் கூடாது" என்று மெதுவாகச் சொல்லியிருந்தாள். நான் தலையசைத்தேன். இதை நீ இன்று வரை அறியமாட்டாய் என்று நினைக்கிறேன். கயல் யாரையும் காட்டிக்கொடுக்கும் பெண் அல்லள். நான் மறந்து பிழை செய்யவில்லை. அறிந்தே செய்தேன்.

கொத்தனார் ஏழுமலை வந்தார், போர்த்தினேன். தச்சர் வந்தார், மின்பணியாளர் வந்தார், போர்த்தினேன். கையில் ஒரு பொன்னாடை எஞ்சியிருந்தது. முன்வரிசையில் என் மேடைத் தோழர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் கூடத்துச் சுவரைக் காட்டி, "வேல சுத்தமா கீதே, பெயிண்டரு எந்த ஊரு?" என்று கேட்டார். அருகிலிருந்தவர், "எந்த ஊரு இன்னா, புள்ளையே பெயிண்டு மட்டையப் புடிச்சிட்டு கீறானோ இன்னாமோ. இன்ஜினியரு படிப்ப சொவுத்துல காட்டிட்டான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதில் கேடு ஒன்றுமில்லை; வீட்டு விழாவில் எழும் வழக்கமான சிரிப்புத்தான். எனக்கோ அது என்னைப் பார்த்துச் சிரித்தது போலப் பட்டது. கயல் உன் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டிருந்தாள். நீ என்ன ஏது என்று புரியாமல், பாதி சிரிப்போடு, என்னை நோக்கி வரத் தொடங்கியிருந்தாய். உன் நகக்கண்களில் பச்சை இன்னும் போகாமல் இருந்ததை அவ்வளவு தொலைவிலிருந்தும் கண்டேன். அந்த நிலையில்தான் ஒலிவாங்கியில் சொன்னேன்: "இச்சுவருக்கு வண்ணம் தீட்டியவர் வாலாஜாபாத்திலிருந்து வந்த கைதேர்ந்த தொழிலாளி. இன்று வேறிடத்தில் பணியிருப்பதால் வர இயலவில்லை. அவர் சார்பில் ஏழுமலை பெற்றுக்கொள்வார்."

ஏழுமலை எழாமல் உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்குத்தான் போட்டாச்சே ஐயா" என்றார். நான் மீண்டும் அழைத்தேன். வந்து குனிந்து நின்றார். நீயோ, நடந்துவந்த கால்களை நிறுத்தவில்லை. என்னைக் கடந்து சென்று, ஓரத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து, அதற்காகவே எழுந்து வந்தவன் போல, முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாய். உன்னைக் கேலி பேசியவருக்கே முதலில் ஊற்றினாய். அவர் வாங்கிக் குடித்தார். நான் தொடர்ந்து பேசினேன், மகனே. உழைப்பின் பெருமையைப் பற்றித்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

எல்லாரும் போன பிறகு நீ வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னாய்: "பூசனது நான்தான்னு சொல்ல உனக்கு வெக்கமா கீதுன்னா, நான் இருக்கிற வூட்டுக்கு நீ எதுக்குப்பா வரணும்?" குரலை உயர்த்தவில்லை நீ. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு. அன்று கிளம்பி வந்தவன், இன்னும் உன் வாயிலை மிதிக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விளக்கம் ஒன்று உண்டு. அதை ஒரு சாக்காக நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. என் தந்தை பிறர் நிலத்தில் உழைத்தவர். பொங்கலுக்கு முன்பு நிலக்காரர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அவர் தலையில்தான் விழும். கூலி கேட்க முடியாத வேலை அது. உள்ளறை வரை சென்று வெள்ளை அடிப்பார். அடித்து முடித்துச் சுண்ணாம்பு காய்ந்த பிறகு அந்த வாயிற்படியை அவர் தாண்டக் கூடாது. சுண்ணாம்பு அரித்துப் புண்ணான அவர் விரல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். சுண்ணாம்பு மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சொல்லைக் கையில் எடுத்தேன். நீ அந்தச் சுவரின் முன் தூரிகையோடு நின்றபோது, நான் ஏறிவந்த படிகள் அனைத்தையும் நீ இறங்கிப் போவதாக எனக்குத் தோன்றியது. அவர் பூசிய சுவர்களுக்குள் அவர் ஓர் இரவும் உறங்கியதில்லை. நீ பூசிய சுவர்களுக்குள் நீ நாள்தோறும் உறங்கி எழுகிறாய். இவ்வளவு எளிய வேறுபாடு, ஊருக்கெல்லாம் விடுதலை பேசிய எனக்குத் தெரியவில்லை.

இதைவிட வெட்கக்கேடான ஒன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். கல்லூரியில் படித்த நாட்களில், என் கூட்டங்களுக்காக நீ தோழர்களோடு சென்று சுவர்களில் என் பெயரை எழுதினாய். பெருநகர் பேருந்து நிறுத்தத்திலிருந்து உத்திரமேரூர் வரை, சிவப்பும் நீலமுமாக, ஆள் உயர எழுத்தில். உன் கை வண்ணம் பிடிக்கக் கற்றது அங்கேதான். அப்போது நான் பேருந்தில் உடன் வருவோரிடம் சாளரத்துக்கு வெளியே சுட்டிக்காட்டி, "இது என் மகன் எழுதியது" என்று சொல்வேன். கேளாதவருக்கும் சொல்வேன். அதே கை, அதே தூரிகை. அன்று சுவரில் இருந்தது என் பெயர். உன் வீட்டுச் சுவரில் என் பெயர் இல்லை. இதற்குமேல் இதை நான் விரித்து எழுத வேண்டியதில்லை.

பொய் சொன்னவனுக்கு அந்தப் பொய்யே வேலை கொடுக்கும் என்பதைப் பிறகு கண்டேன். உன் சுவரைக் கண்டு போனவர்கள் ஒவ்வொருவராக என்னை அழைத்து, அந்த வாலாஜாபாத்துக்காரரின் கைப்பேசி எண்ணைக் கேட்டார்கள். முதலாமவரிடம், அவர் சென்னைக்குப் போய்விட்டார் என்றேன். அடுத்தவரிடம், எண்ணை மாற்றிவிட்டார் என்றேன். மூன்றாவதாக ஒருவர் விடாமல் கேட்கவே, உடல்நலம் குன்றிப் படுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருந்தாள். "இன்னும் ரெண்டு பேரு கேட்டா அந்த ஆளுக்குக் கருமாதியே பண்ணிடுவ போல" என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

ஆடியில் அவள் உன் வீட்டுக்கு வந்து திரும்பியபோதுதான், நான் செய்தது ஒரு நாளோடு முடியவில்லை என்பதை அறிந்தேன். நானும் அவளும் முதுமையில் வந்து தங்குவதற்கென்று நீ ஒதுக்கிய பின்னறை, விழாவுக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கிறதாம். அடிப்பூச்சு அரைச் சுவர் ஏறி நின்றுவிட்டதாம். சாளர ஓரங்களில் நீ ஒட்டிய நாடா அப்படியே காய்ந்து சுருண்டிருக்கிறதாம். வண்ணம் பூசும் உருளை வாளியிலேயே கட்டை போல இறுகிவிட்டதாம். கயல் எவ்வளவோ கேட்டும், "ஆள் வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஆளும் வைக்காமல் விட்டிருக்கிறாய். அடுக்களை அலமாரிக்கு வாங்கிய பலகைகளைக் கூடப் பிரிக்கவில்லை என்றாள். உன் அம்மா இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒரு வார்த்தைல அவன் கைய முறிச்சிட்ட நீ" என்றாள். என்னை எதிர்த்துப் பேசிய எவரும் அவ்வளவு சரியாக என்னை அடித்ததில்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. என்னை மன்னிப்பதும் மன்னியாததும் உன் உரிமை. அதற்காக நான் எழுதவில்லை. அந்த அறையை முடி. எங்களுக்காக என்று எண்ணி முடிக்க வேண்டாம். அதில் தங்கும் தகுதியை நான் இழந்திருக்கிறேன் என்றால், நூல்களை அடுக்கு, பிள்ளைக்குத் தொட்டில் கட்டு. ஆனால் நீயே முடி. என் சொல் ஒன்றைக் கேட்டு நீ தூரிகையைக் கீழே வைத்தாய். இந்தச் சொல்லையும் கேட்டு மீண்டும் எடு. ஏரிப்பக்கத்துச் சுவர் ஈரம் வாங்கும் சுவர், ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுவது நல்லது. இது பேச்சாளனின் அறிவுரை அன்று. சுண்ணாம்பு அடித்தவரின் மகனாகச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். உத்திரமேரூரில் உரக்கடை வைத்திருக்கும் தணிகாசலத்தை நீ அறிவாய். விழாவுக்கு மனைவியோடு வந்திருந்தார், இப்போது தாமும் வீடு கட்டுகிறார். முன்னர் என்னிடம் எண் கேட்டு ஏமாந்தவர்களுள் அவரும் ஒருவர். நேற்று, வியர்வை வழிய என் வீட்டுக்கு வந்து அமர்ந்தார். "ஐயா, வாலாஜாபாத்துல பெயிண்டு கடை ஒண்ணு வுடாம கேட்டுட்டேன். பச்ச சொவுரு, மேல கோலம்னு சொன்னா அப்படி ஒரு ஆளே இல்லன்றாங்க. ஊரு பேர மாத்தி சொல்லிட்டீங்களா?" என்றார்.

"ஊரை அல்ல, ஆளையே மாற்றிச் சொன்னேன். பூசியது என் மகன்" என்றேன்.

வானம் இடிந்து விழும் என்றுதான் இத்தனை நாளும் அஞ்சியிருந்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாங்க? வெயில்ல என்ன நாயா அலைய வுட்டுட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். உன் அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். குடித்துவிட்டு, "அப்ப தம்பிய நம்ம வூட்டுக்கு வரச் சொல்லுங்களேன். ஹாலு மட்டும் போதும். கூலி இன்னா கேக்குதோ குடுத்துட்றேன்" என்றார்.

கூலி என்ற சொல்லை என் வீட்டுக்குள், என் மகனுக்காக, ஒருவர் சொல்லிவிட்டார். அவன் பொறியாளன் என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. உன் அம்மா சமையற்கட்டு வாயிலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை அவனைத்தான் கேட்க வேண்டும்" என்றேன். "அவன் வீட்டிலேயே ஓர் அறை எஞ்சி நிற்கிறது. அதை முடித்த பிறகு வருவானோ என்னவோ, நீங்களே பேசிப் பாருங்கள்."

அவர் கைப்பேசியை எடுத்தார். உன் எண்ணைச் சொன்னேன். அழைப்பார், எடுத்துப் பேசு, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் நீயே சொல். பெயர் என்ன என்று கேட்டார். திருமாறன் என்றேன். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிவிட்டு, கண்ணாடி கொண்டுவரவில்லை, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் 'திருமாறன் பெயிண்டர்' என்று இருந்தது.

சரியாக இருக்கிறது என்றேன்.

உன் அப்பா